போதைப் பழக்கமும் தற்கொலை ஆபத்தும்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதைப்பொருள் பழக்கத்தில் சிக்கியவர்களுடன் ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களும், அவர்களுக்காகப் பணியாற்றுபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தாய்மார், மனைவிமார், கிராம உத்தியோகத்தர்கள், பிரதேச செயலகங்களின் உளவளத்துணையாளர்கள், வெளிநோயாளர் பிரிவில் கடமையாற்றும் இளம் வைத்தியர்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வைத்தியரின் நேரடிப் பரிசோதனைக்கு இது மாற்றாகாது.

உயிருக்கு இப்போதே ஆபத்து என்று தோன்றினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவரைத் தனியே விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் ஆகியவற்றில் எது கிட்ட இருக்கிறதோ அங்கே கொண்டுசெல்லுங்கள். எதையாவது விழுங்கியிருக்கிறார் என்று சந்தேகம் வந்தால், ஆள் நன்றாக இருக்கிறாரே என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது. அருகில் கிடந்த போத்தலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேசுவதற்கு ஆள் தேவைப்படும்போது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். 1333 என்ற இலக்கத்திலும் இலவச ஆலோசனை கிடைக்கும்.

போதைப் பழக்கமுள்ளவர்களிடம் தற்கொலை ஆபத்தைத் தனியாக ஆராய வேண்டியது ஏன்?

ஏனெனில், ஆபத்து அவர்களிடம் பல மடங்கு அதிகம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2004 இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, மதுப் பழக்க நோய் உள்ளவர்கள் தற்கொலையால் இறக்கும் வீதம் பொதுமக்களை விடச் சுமார் 10 மடங்காகவும், ஹெரோயின் போன்ற ஓப்பியம் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்களிடம் சுமார் 14 மடங்காகவும் இருந்தது. அத்தரவுகளில் பெரும்பகுதி மேலைநாடுகளைச் சேர்ந்ததாயினும், காரணங்கள் நமது ஊருக்கும் பொருந்துகின்றன. போதைப்பொருள் மூளையின் மனநிலையைக் கட்டுப்படுத்தும் பகுதிகளைத் தாக்குகிறது. தயக்கத்தைக் குறைத்து, ஒரு நிமிட எண்ணத்தைச் செயலாக்கும் துணிச்சலைக் கொடுக்கிறது. அத்தோடு கடன், வழக்கு, வேலையிழப்பு, மனைவி பிள்ளைகளுடனான பிரிவு என்று வாழ்வின் பிடிமானங்களை ஒவ்வொன்றாக அறுக்கிறது.

நமது மாவட்டங்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. நீண்ட யுத்தமும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையும் விட்டுச்சென்ற இழப்புகள் பல வீடுகளில் இன்னும் பேசப்படாமலே கிடக்கின்றன. அந்த வீடுகளில் வளர்ந்த ஒரு பிள்ளை ஐஸுக்கோ (மெத்தம்பெட்டமைன்) தூளுக்கோ (ஹெரோயின்) போகும்போது, "கெட்ட கூட்டாளிமார்" என்ற ஒரே காரணத்தோடு விசாரணையை முடித்துக்கொள்வது நியாயமன்று.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிட மாட்டோமா?

மாட்டோம். இக்கேள்வியை ஆராய்ந்த ஆய்வுகள், கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்றும், சிலருக்கு மன அழுத்தம் சற்றுக் குறைவதாகவும் காட்டியிருக்கின்றன. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. இந்த எண்ணத்தோடு இருப்பவர் பெரும்பாலும் தானாக வாய் திறக்க மாட்டார். தன்னை எல்லோரும் ஏற்கெனவே "குடிகாரன்", "தூள்காரன்" என்று ஒதுக்கிவிட்டதாக எண்ணுபவர் இன்னொரு வெட்கத்தையும் தானே சுமந்துவந்து நம்முன் வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

எந்தச் சொற்களில், எப்படிக் கேட்பது?

நேராக, அமைதியாக, அவருக்குப் பழக்கமான பேச்சுமொழியில் கேட்க வேண்டும். "அப்படி ஒண்டும் யோசிக்கேல்லத்தானே?" என்பது கேள்வியே அல்ல; "இல்லை" என்ற விடையை நாமே அவர் வாயில் வைக்கும் முறை அது. "உனக்கென்ன குறை, உம்மா வாப்பா இருக்காங்க, வீடு இருக்கு" என்று தொடங்கினாலும் வாய் மூடிக்கொள்ளும்.

ஒரு சந்திப்பு எப்படிப் போகலாம் என்பதைக் காட்ட, பல அனுபவங்களைக் கலந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறோம். படுவான்கரையில் வேளாண்மைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், தாயோடு கிளினிக்குக்கு வருகிறார். ஐஸை விட்டுச் சில நாட்கள்தான் ஆகின்றன. எந்தக் கேள்விக்கும் தாயே விடை சொல்கிறார். மகன் தலை நிமிராமல் செருப்பின் வாரை விரலால் நெருடிக்கொண்டிருக்கிறார். உளவளத்துணையாளர் தாயை மரியாதையாக வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறார்: "தம்பி, இதை விடுற நாட்கள்ல கனபேருக்குச் செத்துப்போனா நல்லம் எண்டு யோசினை வாறது. உங்களுக்கும் வந்திருக்கா?" சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, "படுத்தா எழும்பாம இருக்கோணும் எண்டு நினைப்பன் மிஸ்" என்கிறார்.

பலர் இந்த இடத்தில் பதறிப்போய் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். உளவளத்துணையாளர் அப்படிச் செய்யாமல் அடுத்த கேள்விக்குப் போகிறார். நீங்களாகவே உயிரை முடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததுண்டா? எப்படி என்று யோசித்தீர்களா? அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? எப்போது என்று மனதில் ஒரு நாள் இருக்கிறதா? இதற்குமுன் எப்போதாவது முயன்றிருக்கிறீர்களா? இந்த ஒழுங்கு தற்கொலை ஆபத்தைக் கேட்டறிய உலகெங்கும் பயன்படும் கொலம்பியா அளவுகோலின் ஒழுங்கை ஒத்தது: சாக வேண்டும் என்ற விருப்பத்திலிருந்து எண்ணம், வழி, உறுதி, திட்டம், செய்த செயல் என்று படிப்படியாகச் செல்கிறது. ஒவ்வொரு படிக்கும் "இல்லை" என்ற விடை வரலாம். ஆனால் முன்னைய முயற்சி பற்றிய கேள்வியை ஒருபோதும் தவறவிடக் கூடாது. எதிர்கால ஆபத்தைக் காட்டும் அறிகுறிகளுள் அதுவே மிக வலிமையானது.

அந்த இளைஞர் தனது கைத்தொலைபேசியை முந்தைய நாள் தம்பிக்குக் கொடுத்துவிட்டார் என்பது இடையில் தெரிய வருகிறது. தாய் அதை மனம் திருந்தியதன் அடையாளமாக எண்ணியிருந்தார். விருப்பமான பொருளைத் திடீரெனப் பிறருக்குக் கொடுப்பது, கடன்களை அவசரமாகத் தீர்ப்பது, நீண்ட கலக்கத்தின் பின் காரணமில்லாமல் அமைதியாகிவிடுவது ஆகியவற்றை நாம் எப்போதும் விசாரிக்க வேண்டும். இறுதியாக ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது: "இவ்வளவு நாளும் உங்களைத் தடுத்து வைச்சது என்ன?" அவர் சொன்ன விடை ஒரே சொல்: "அம்மம்மா." மதிப்பீட்டுத் தாளில் அந்த அம்மம்மாவுக்கும் ஓர் இடம் வேண்டும், பின்னர் பாதுகாப்புத் திட்டம் எழுதும்போது முதலில் அழைக்க வேண்டிய ஆள் அவர்தான்.

குடித்திருக்கும்போது "சாகப் போறன்" என்று சொல்வதைப் பொருட்படுத்த வேண்டுமா? தெளிந்ததும் மறந்துவிடுகிறாரே.

பொருட்படுத்த வேண்டும். "வெறியில சொல்றான், விடு" என்பது நமது ஊர்களில் அதிகம் கேட்கும் சொல். அதிகம் வருந்த வைத்த சொல்லும் அதுவே. மது தயக்கத்தைக் குறைப்பதால், தெளிந்த நிலையில் அடக்கி வைத்திருக்கும் எண்ணம் அப்போது வெளியே வருகிறது. அதே தயக்கக் குறைவுதான் செயலுக்கும் வழி விடுகிறது. ஆகையால் அந்த இரவு ஆபத்தான இரவு. விவாதிக்காமல், அடிக்காமல், சவால் விடாமல், தெளியும்வரை ஒருவர் கூட இருக்க வேண்டும்.

தெளிந்தபின் மீண்டும் கேட்க வேண்டும் என்பது இதன் மறுபாதி. போதையில் இருப்பவரிடம் முழு மதிப்பீடு செய்ய முடியாது. வைத்தியசாலைக்கு வந்தவர் போதை தெளிந்ததும் "எனக்கு ஒண்டுமில்லை, வீட்ட போறன்" என்றால், அந்தச் சொல்லை மட்டும் நம்பி அனுப்பாமல், இரவு நடந்ததை அவருக்கும் நினைவூட்டி, வீட்டாரிடமும் கேட்டு, புதிதாக ஒரு மதிப்பீட்டைச் செய்வதே முறை.

ஐஸ், தூள், குளிசை, சாராயம் எல்லாவற்றிலும் ஆபத்து ஒரே மாதிரியா?

இல்லை. ஆபத்து எந்நேரம் கூடும் என்பது பொருளுக்குப் பொருள் மாறுகிறது. இதை அறிந்திருப்பதுதான் சாதாரண மதிப்பீட்டுக்கும் போதைப் பழக்கமுள்ளவருக்கான மதிப்பீட்டுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு.

ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனைப் பயன்படுத்தும் காலத்தில் பல நாள் உறக்கமின்மை, சந்தேகம், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், காதில் குரல் கேட்பது ஆகியவை வரலாம். அக்குரல் "செத்துப்போ" என்று கட்டளையிடுகிறதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். அப்படியென்றால் அன்றே வைத்தியசாலை அனுமதி தேவை. ஐஸை விட்டவுடன் முதல் சில நாட்கள் தூக்கமும் பசியுமாகக் கழியும்; அதோடு கடும் மனச்சோர்வும் வெறுமையும் வந்து ஒன்றிரண்டு வாரங்கள் நீடிக்கலாம். "இப்ப படுத்தே கிடக்கிறான், பிரச்சினை இல்லை" என்று குடும்பம் மூச்சுவிடும் நாட்களே கண்காணிப்பு மிகத் தேவையான நாட்கள்.

தூளை, அதாவது ஹெரோயினை நிறுத்தினால் உடம்பு வலி, வயிற்றோட்டம், குளிர், உறக்கமின்மை ஆகியவை முதல் நாளுக்குள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்கு வரும். அந்த வேதனை தனியே உயிரைப் பறிப்பது அரிது. ஆனால், வீட்டு அறையில் பூட்டி வைத்து நிறுத்த வைக்கும் முயற்சியில் வேதனையும் அவமானமும் ஒன்றுசேர்கின்றன. பூட்டிய அறைக்குள் ஆளைத் தனியே விடுவதை நாம் எந்தச் சூழ்நிலையிலும் ஆதரிப்பதில்லை. சில நாட்கள் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும்; மீண்டும் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்.

சாராயத்தையோ கசிப்பையோ நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களில் கடும் குழப்பமும் நடுக்கமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். இது உயிராபத்து. கோயிலில் காப்புக் கட்டி, அல்லது பள்ளிவாசலில் தவ்பாச் செய்து, ஒரே நாளில் நிறுத்த உறுதி எடுப்பவரின் எண்ணம் உயர்ந்தது; அந்த உறுதியோடு வைத்தியரையும் சந்திக்க வேண்டும்.

குளிசை என்று பேச்சில் சொல்லப்படுபவற்றுள் பிரிகபலின் (வலிப்பு, நரம்பு வலி மருந்து), டிரமடோல் (வலி நிவாரணி), தூக்க மாத்திரைகள் எல்லாம் அடங்கும். பிரிகபலினைத் திடீரென விட்டால் பதற்றமும் உறக்கமின்மையும் சிலருக்கு வலிப்பும் வரும்; அதனைத் தூளுடனோ மதுவுடனோ சேர்த்தால் மூச்சு மந்தமாகும். வலிப்பு நோய்க்கான மருந்து வகைகள், பிரிகபலின் உட்பட, தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008 இல் எச்சரித்தது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கலந்து எடுப்பவர்களிடம் ஆபத்து மேலும் கூடுகிறது. எனவே "என்ன எடுக்கிறீர்கள்?" என்று கேட்டு ஒரு பெயரோடு நிறுத்தாமல், "அதோடு சேர்த்து வேறென்ன?" என்று விடாமல் கேட்க வேண்டும்.

எந்த நாட்களில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமானால், இதை வைத்திருங்கள். யாருக்கு ஆபத்து என்ற கேள்வியை விட, எப்போது ஆபத்து என்ற கேள்வி அதிகம் உதவும்.

கைது செய்யப்பட்ட முதல் நாட்கள், பிணையில் வந்த நாள், வழக்குத் தவணைக்கு முதல் இரவு, புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ விளக்கமறியலிலிருந்தோ வீடு திரும்பிய முதல் இரண்டு வாரங்கள், மனநல விடுதியிலிருந்து துண்டு வெட்டி வந்த முதல் வாரங்கள், பல மாதம் விட்டிருந்துவிட்டு மீண்டும் ஒருமுறை எடுத்துவிட்ட மறுநாள், மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன நாள், நுண்கடன்காரர் வாசலுக்கு வரும் நாள் ஆகியவையே அந்த நாட்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007 இல் வெளியான ஆய்வில், விடுதலையின் பின் முதல் இரண்டு வாரங்களில் போதைப்பொருளை அளவுக்கு மிஞ்சி எடுத்து இறக்கும் ஆபத்து மற்ற மக்களை விட 129 மடங்காக இருந்தது.

2022 இல் ஐஸுக்கான தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்புப் பொலிஸ் நடவடிக்கையில் நாடெங்கும் பெருந்தொகையானோர் கைதாகினர். சட்டத்தின் நோக்கத்தைப் பற்றி இங்கே நாம் விவாதிக்கவில்லை. ஆனால் கைதான ஒவ்வோர் இளைஞருக்குப் பின்னாலும், பெயர் ஊர் முழுக்கப் பரவிய ஒரு வீடு இருக்கிறது. பிடிபட்டவரின் முகத்தைப் படம்பிடித்து முகநூலில் பகிர்கிறவர்கள், அந்த இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறோம்.

புள்ளி போட்டு "ஆபத்துக் குறைவு" என்று முடிவுசெய்யும் படிவங்களை நம்பலாமா?

கேள்விகளை மறவாமல் கேட்கப் படிவம் உதவும். எதிர்காலத்தைச் சொல்ல உதவாது. ஐம்பது ஆண்டு ஆய்வுகள் 365 ஐத் தொகுத்து 2017 இல் வெளியான பகுப்பாய்வு, அறியப்பட்ட ஆபத்துக் காரணிகளைக் கொண்டு யார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று ஊகிப்பது குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேலானது என்று கண்டது. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டி, மதிப்பெண் அளவுகோல்களைக் கொண்டு எதிர்காலத் தற்கொலையை முன்கூறவோ, ஆட்களை "குறைவு, நடுத்தரம், அதிகம்" என்று பிரிக்கவோ, யாருக்குச் சிகிச்சை கொடுப்பது என்று தீர்மானிக்கவோ கூடாது என்கிறது.

திங்கட்கிழமை கிளினிக்கில் "ஆபத்துக் குறைவு" என்று எழுதிய கொப்பியை வியாழக்கிழமையும் நம்புவது, காலையில் வாவியின் மட்டத்தைப் பார்த்துவிட்டு முகத்துவாரம் வெட்டிய பின்னரும் நீர் அதே அளவில் நிற்கும் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். கொப்பியில் ஓர் எண்ணை எழுதுவதைவிட, "இன்று எண்ணம் உண்டு, திட்டம் இல்லை, சனிக்கிழமை வழக்கு, வெள்ளி இரவு அண்ணன் கூட இருப்பார், ஞாயிறு நாம் அழைப்போம்" என்று எழுதுவது அடுத்து வரும் வைத்தியருக்கும் தாதிக்கும் நூறு மடங்கு பயன்படும்.

அளவுக்கு மிஞ்சி எடுத்து மயங்கியவரிடம் அது தவறுதலா, வேண்டுமென்றா என்று எப்படி அறிவது?

பல வேளைகளில் அவருக்கே தெளிவாகத் தெரியாது. "செத்தாலும் பரவாயில்லை, பிழைச்சாலும் பரவாயில்லை" என்ற நிலையில் எடுத்தவர்கள் உண்டு. அதை விபத்து என்று மூடிவிடக் கூடாது. தனியாக இருந்தாரா, யாரும் வராத நேரத்தைத் தேர்ந்தெடுத்தாரா, வழக்கமான அளவைவிட எவ்வளவு கூட, யாருக்காவது செய்தி அனுப்பினாரா, கண் விழித்தபோது ஆறுதல் அடைந்தாரா ஏமாற்றம் அடைந்தாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி கேட்கக் கூசும். ஆனாலும் கேட்க வேண்டும். தெளிவில்லாத இடத்தில், வேண்டுமென்று நடந்தது என்ற எண்ணத்தோடு கவனிப்பதே பாதுகாப்பு.

வயல் மருந்துகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றனவே. அவற்றைப் பற்றி என்ன செய்வது?

1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 ஆக, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அக்காலம் முதல் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளும் களைநாசினிகளும் கட்டம் கட்டமாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. துயரம் குறைந்ததால் வந்த மாற்றமன்று அது. ஒரு கண வேகத்தில் கைக்கு எட்டிய பொருளின் கொடுமை குறைந்ததால் பலர் பிழைத்து, பின்னர் வாழவும் செய்தனர். உயிரை மாய்க்கும் உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரத்துக்கே நிற்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்குத் தேவையில்லை.

வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்தால் பயன் தருமா என்று அனுராதபுர மாவட்டக் கிராமங்களில் பெருமளவில் ஆராய்ந்தபோது, நஞ்சருந்துதல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2017 இல் முடிவு வெளியானது. பெட்டியின் திறப்பும் அதே வீட்டில்தான் இருக்கிறது. ஆகவே, ஆபத்தான ஒருவர் இருக்கும் வீட்டில் பூட்டுவதோடு நிற்காமல், பெரும்போகமோ சிறுபோகமோ, மிஞ்சிய மருந்தை வளவிலிருந்தே அகற்றிவிடுங்கள். தேவைப்படும் அன்று தேவையான அளவு வாங்குங்கள். வயல்வாடியிலும் வைக்க வேண்டாம். வீட்டில் வேறு நோயாளர்களுக்கான மாத்திரைகள் இருந்தால் அவற்றை அயலிலுள்ள உறவினரிடம் ஒப்படைத்து நாள் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் ஒரு மாத மருந்துக்குப் பதில் ஒரு வார மருந்து தரும்படி நீங்களே கேட்கலாம்.

மதிப்பிட்ட பின் என்ன? அனுமதிக்கும் அளவுக்கு இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதானா?

வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அவரோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அவருடைய சொற்களிலேயே ஒரு தாளில் எழுத வேண்டும். எண்ணம் வரப்போவதை அவர் எதனால் அறிகிறார், தனியே என்ன செய்தால் சற்றுத் தணிகிறது, எங்கே போனால் ஆட்களோடு இருக்கலாம், யாரிடம் மனம் விட்டுப் பேசலாம், எந்த வைத்தியசாலைக்குப் போகலாம், வீட்டிலிருந்து எதை அகற்ற வேண்டும் என்பவை அதில் வரும். கடற்கரைக்குப் போனால் தணிகிறது என்று ஒருவர் சொல்வார். ஆனால் அந்தக் கடற்கரையில்தான் பழைய கூட்டாளிமார் இருந்து பொருளைப் பாவிக்கிறார்கள் என்றால் அது பொருந்தாது. போதைப் பழக்கமுள்ளவரின் திட்டத்தில் ஒவ்வொரு வரியையும் இப்படி உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2018 இல் வெளியான ஆய்வில், இத்தகைய திட்டமும் தொடர்ந்த தொலைபேசி அழைப்புகளும் பெற்றவர்களிடம் அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைவாக இருந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. உலக சுகாதார அமைப்பு ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் கொழும்பும் சென்னையும் இடம்பெற்றன. முயற்சியின் பின் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களிடம் ஒரு மணிநேரம் பேசி, அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதமானோர் பின்னர் தற்கொலையால் இறந்தனர், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008 இல் வெளியான இம்முடிவு, விலையுயர்ந்த கருவியோ மருந்தோ கேட்கவில்லை. "எப்படி இருக்கிறீங்க? வழக்கு என்னாச்சு? நித்திரை வருதா?" என்று ஒருவர் ஒழுங்காக அழைப்பதை வாகரையிலும் பொத்துவிலிலும் செய்ய முடியும்.

பொலிஸ் வழக்கு வருமா? விஷயம் வெளியே போய்விடுமா?

உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. வைத்தியசாலைப் பொலிஸார் வாக்குமூலம் எடுக்க வரக்கூடும். அதற்காக நோயாளி தண்டிக்கப்படுவதில்லை. இந்தப் பயத்தால் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வைத்தியரிடம் பொய் சொல்லும் குடும்பங்கள் உண்டு. எதை எடுத்தார் என்று தெரியாமல் சரியான சிகிச்சை தாமதமாகிறது. பாவித்த போதைப்பொருளின் பெயரையும் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியர் அதைச் சிகிச்சைக்காகவே கேட்கிறார்.

களப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. முழு இரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீங்கள் சொல்வதை ஊருக்குச் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இதைக் கேட்டபின் பேச மறுப்பவர்கள் நாம் அஞ்சுவதைவிடக் குறைவு.

சமயம் தடுப்பதால் எங்கள் வீட்டில் அப்படி நடக்காது என்று நம்பலாமா?

நம்பிக்கை பலரைக் காப்பாற்றுகிறது; "உங்களைத் தடுத்து வைத்தது என்ன?" என்ற கேள்விக்கு அல்லாஹ், ஆண்டவர், அம்மன் என்று விடை வருவது வழக்கம். ஆனால் அதே நம்பிக்கை, எண்ணம் வந்ததையே பெரும்பாவமாகக் கருதி மறைக்கவும் வைக்கும். மௌலவியோ, குருக்களோ, அருட்தந்தையோ "இந்த எண்ணம் வருவது நோயின் வேலை, என்னிடம் சொல்லலாம், வைத்தியரிடம் நானும் வருகிறேன்" என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னால், மூடிய பல வாய்கள் திறக்கும்.

பழக்கமுள்ளவரை மட்டும் கேட்டால் போதுமா?

போதாது. அவருடைய மனைவியையும் தாயையும் தனியாகக் கேளுங்கள். அடி வாங்கி, நகையை அடகில் இழந்து, கடன்காரருக்கு முகம் கொடுத்து வாழும் பெண்ணின் மனதிலும் இதே எண்ணம் இருக்கக்கூடும். கிளினிக்குக்கு வருடக் கணக்காகக் கணவனைக் கூட்டி வந்தவரிடம் "உங்களுக்கு எப்படி இருக்கு அக்கா?" என்று யாரும் கேட்டதில்லை என்பதைப் பலமுறை அறிந்திருக்கிறோம்.

வைத்தியசாலைக்கு வரவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

ஆபத்து உடனடியானதல்ல என்றால், குடும்பத்தவர் முதலில் தனியாக வரலாம். ஆள் வராமலே வீட்டில் என்ன செய்யலாம் என்று உளநலப் பிரிவில் கேட்கலாம். பிறகு சிறிய ஒன்றைக் கேளுங்கள்: "போதையை விடச் சொல்லேல்ல, நித்திரை வாறதுக்கு மருந்து கேட்டு வருவம்" என்றால் பலர் இணங்குவார்கள். அவர் மதிக்கும் ஒருவர் கூப்பிட வேண்டும். அது தந்தையாக இருக்க வேண்டும் என்பதில்லை, மாமாவாகவோ, காக்காவாகவோ, பழைய ஆசிரியராகவோ இருக்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசகர்களிடமும் கேட்கலாம். விரும்பி வருபவர்களின் சிகிச்சைக்கு 2007 ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இடமுண்டு.

திட்டம் இருக்கிறது, பொருள் கையில் இருக்கிறது, குரல்கள் கட்டளையிடுகின்றன, அல்லது ஏற்கெனவே எதையோ விழுங்கிவிட்டார் என்றால் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 ஐ அழையுங்கள். ஆயுதம் வைத்திருந்தால் 119 ஐயும் அழையுங்கள். அம்பியூலன்ஸ் வருவதற்குள் ஒருவர் அவரோடு இருக்க, மற்றவர் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்: என்ன எடுத்தார், எவ்வளவு, கடைசியாக எப்போது, வழமையாக எடுக்கும் மருந்துகள் எவை, முன்பு முயன்றிருக்கிறாரா, அவர் சொன்ன வார்த்தைகள் எவை. அந்தத் தாளை அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியரின் கையிலேயே கொடுங்கள்.